பெயரில் நிற்கும் குளம்

புதுச்சேரிவாசிகளாகிய நாங்கள் எந்த நற்காரியத்தைத் தொடங்கினாலும் மணக்குள விநாயகரை வணங்கிவிட்டே தொடங்குவோம். அவருடைய திருநாமத்தின் பொருளை நான் எண்ணிப் பார்த்ததில்லை. கோயிலுக்கு மேற்கே, கடற்கரை மணல் சூழ்ந்த குளம் ஒன்று முற்காலத்தில் இருந்ததாம். அந்த மணற்குளத்தின் கரையில் வீற்றிருந்தவர் ஆதலின் மணற்குளத்து விநாயகர் ஆனார். நாளடைவில் மணக்குள விநாயகர் ஆனார். பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கால் ஊன்றுவதற்கு முன்பிருந்தே அவர் இருக்கிறார். குளத்தை இன்று காண இயலாது. பெயரில் மட்டும் அது நிற்கிறது.

சென்ற ஆண்டு கார்த்திகையில் ஒரு காலை, அந்தச் சந்நிதியில் அருகம்புல் சாற்றிவிட்டு, நானும் என் மனைவியும் பேருந்து ஏறினோம். நாங்கள் சென்ற ஊரின் பெயரிலும் ஒரு குளம் இருக்கிறது. அதுதான் கனகசெட்டிக்குளம்.

இரு மாநிலங்களைத் தைத்துச் செல்லும் சாலை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் முதலில் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. முதலியார்சாவடியும், மயிலம் பொம்மபுர ஆதீனத்தோடு தொடர்புடைய பொம்மையார்பாளையமும் தமிழ்நாடே. பிள்ளைச்சாவடியில் மறுபடியும் புதுச்சேரி வந்துவிடும். பிறகு காலாப்பட்டு, 1985-இல் தொடங்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம், கணபதிசெட்டிக்குளம், அதற்கு அடுத்து கனகசெட்டிக்குளம். அதைத் தாண்டினால் மீண்டும் தமிழ்நாடு. தையல்காரர் ஊசியைப் போல அந்தச் சாலை இரண்டு ஆட்சிப் பகுதிகளையும் மாறி மாறிக் கோத்துச் செல்கிறது.

புதுச்சேரிப் பகுதியின் வடகோடி மீனவக் கிராமம் இது. கிழக்கே வங்கக் கடல். மேற்கே மெல்ல உயர்ந்து செல்லும் செம்மண் மேடு. இடையில் பனையும் முந்திரியும் சவுக்கும் நின்ற நிலம். இன்று அந்த நிலத்தில் வெள்ளைச் சாயம் பூசிய எல்லைக் கற்களும், வண்ணக் கொடிகளும், ‘மனைகள் விற்பனைக்கு’ என்ற பலகைகளும் நிற்கின்றன. அடுத்தடுத்துள்ள இரண்டு ஊர்களின் பெயர்களிலும் ஒரு செட்டியாரும் ஒரு குளமும் இருப்பதைக் கவனியுங்கள். குளம் வெட்டுதல் நம் முன்னோர் போற்றிய ஏழு சந்தானங்களுள் ஒன்று. பெற்ற மகனைப் போலவே, வெட்டிய குளமும் கட்டிய கோயிலும் ஒருவன் பெயரைச் சொல்லும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கை வீண் போகவில்லை என்பதற்கு இந்த ஊர்ப் பெயர்களே சான்று.

எங்கள் மனை

இந்த ஊருக்கு நாங்கள் யாத்திரிகர்களாக மட்டும் வரவில்லை. எங்கள் சேமிப்பு இங்கே ஒரு மனையாகக் கிடக்கிறது. நான் வங்கியில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அவற்றுள் பாதிக்கு மேல் கடன் பிரிவில் கழிந்தன. ஓய்வுக்குப் பின், கடற்காற்று வரும் இடத்தில் சிறு வீடு கட்டி, அருகிலுள்ள ஆலயங்களைத் தரிசித்துக் காலம் கழிக்கலாம் என்று எண்ணி, சாலைக்கு மேற்கே ஒரு புதிய மனைப்பிரிவில் 1,200 சதுர அடி வாங்கினோம். ஐந்து ஏக்கர் நிலம். ஏறத்தாழ நூறு மனைகள். எங்களுடையது தென்கிழக்கு மூலை. கோடையில் பார்த்தபோது தரை மட்டமாக இருந்தது. புதிதாகக் கிராவல் அடித்திருந்தார்கள்.

மூலப் பத்திரத்தைப் பார்த்தேன், வில்லங்கச் சான்று எடுத்தேன், பட்டாவைச் சரிபார்த்தேன், வழக்கறிஞரின் கருத்துரையும் பெற்றேன். பிரெஞ்சுக் காலப் பத்திரங்களையே மொழிபெயர்த்து வாங்கிப் படித்துக் கடன் கொடுத்தவன் நான். எனக்கு இதில் குறையே தெரியவில்லை.

2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் நகரில் பெய்த மழை 48 சென்டிமீட்டர் அளவில் பதிவாயிற்று. முந்தைய உச்சமாகச் சொல்லப்பட்ட 2004 அக்டோபர் மழையைப் போல் இரு மடங்குக்கும் அதிகம். கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் முதலிய பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. சென்னையிலிருந்து வந்த இராணுவ வீரர்கள் மக்களை மீட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து எங்கள் மனையைப் பார்க்கச் சென்றோம். சுற்றிலும் ஈரம் உலர்ந்துகொண்டிருந்தது. எங்கள் மனையிலும் அதை ஒட்டிய நான்கைந்து மனைகளிலும் மட்டும் முழங்கால் அளவு செந்நீர் அசையாமல் நின்றது. எல்லைக் கற்களின் தலை மட்டும் தெரிந்தது. ஒரு கொக்கு, எங்கள் பட்டாவைப் பற்றிய கவலை சிறிதும் இன்றி, அங்கே இரை தேடிக்கொண்டிருந்தது.

சாலையோரத் தேநீர்க் கடையில் வயது முதிர்ந்த ஒருவர் அமர்ந்திருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும், இளமையில் இங்கே பனை ஏறியவராம்.

“பெரியவரே, இந்தத் தண்ணீர் எப்போது வடியும்?” என்று கேட்டேன்.

“அது எப்படிங்க வடியும்? அதுதானே அதோட தடம்” என்றார். “மேக்கால மேட்டுல பெய்யற மழையெல்லாம் இப்படித்தான் வரும். இந்தப் பள்ளத்துல கொஞ்ச நாள் நிக்கும். நிறைஞ்சதும் அந்தப் பாலத்துக்கு அடியில பூந்து கடலுக்குப் போவும். இப்ப பள்ளத்தைத் தூர்த்துட்டாங்க, தடத்துல மதில் கட்டிட்டாங்க. அது எங்கதான் போவும், ஐயா?”

அவர் சுட்டிய இடத்தில் நெடுஞ்சாலைக்கு அடியில் ஒரு சிறுபாலம் இருந்தது. அதன் வாய் வறண்டு கிடந்தது. நீர் வர வேண்டிய இடத்தில் நீர் இல்லை. நீர் இருக்கக்கூடாத எங்கள் மனையில் இருந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் மனை போயிற்றே என்ற கவலை மட்டும் காரணம் என்று சொன்னால் பொய்யாகும். என் கையொப்பத்தில் எத்தனை குடும்பங்கள் இப்படிப்பட்ட மனைகளுக்குக் கடன் வாங்கியிருக்கும்? ‘யாருடைய நிலம்’ என்று ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். ‘இங்கே பெய்யும் மழை எந்தப் பக்கம் போகும்’ என்று ஒரு முறையும் கேட்டதில்லை. படிவத்தில் அதற்கான கட்டமே இருந்ததில்லை. கட்டம் இல்லாததைக் கேட்கக்கூடாது என்று விதியும் இல்லை.

கண்ணில்லாதவர் கண்ட குளம்

அப்போது தண்டியடிகள் நாயனாரின் நினைவு வந்தது. திருவாரூரில் பிறவியிலேயே கண் பார்வை இன்றி வாழ்ந்த அடியார் அவர். ஆலயத்தின் மேற்கேயுள்ள திருக்குளம், கரைகளில் பிறர் இடம் பிடித்து அமர்ந்ததால் சுருங்கிக்கொண்டே வந்தது. கண்ணுள்ள ஊரார் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதைத் துயரமாக உணர்ந்தவர் கண்ணில்லாத தண்டியடிகள். குளத்தின் நடுவிலும் கரையிலும் கழிகளை நட்டு, கயிற்றைக் கட்டி, அதைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணைத் தோண்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறி மண்ணைக் கொட்டினார். பலர் இகழ்ந்தார்கள். இறைவன் அருளால் அக்குளத்து நீரில் மூழ்கி எழுந்தபோது அவர் பார்வை பெற்றார் என்று சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் அருளியுள்ளார்.

அந்தத் திருவாரூரைப் பற்றி இன்றும் ஒரு வழக்கு உண்டு. கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்பார்கள். தியாகராஜப் பெருமானுக்கு எவ்வளவு இடமோ, அவ்வளவு இடம் கமலாலயத்துக்கு. அதே அளவு செங்கழுநீர் ஓடைக்கு. ஓர் ஊரை வகுக்கும்போது கட்டடத்துக்கு ஒரு பங்கு, நீர் தங்க ஒரு பங்கு, நீர் நடக்க ஒரு பங்கு என்று நம் முன்னோர் பிரித்திருக்கிறார்கள். இதைக் காட்டிலும் சுருக்கமான நகரமைப்பு விதியை நான் எந்த அரசிதழிலும் படித்ததில்லை.

கோயில் குளங்களை உற்றுப் பாருங்கள். நீர் வர ஒரு வரத்துக்கால் இருக்கும். குளம் நிறைந்தபின் மிகுந்த நீர் வெளியேற ஒரு கலிங்கோ போக்குக்காலோ இருக்கும். வெளியேறும் நீர் அடுத்த குளத்துக்கோ ஏரிக்கோ போகும். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, ஏரியைக் கவனிப்பதற்கென்றே ஏரி வாரியம் இருந்ததைச் சொல்கிறது. புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் உண்டு. ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் அவற்றுள் பெரியவை. பிரெஞ்சு ஆட்சியிலும் ஏரிகளை உழவர் சங்கங்களே பராமரித்தன. புதுச்சேரி நகரின் நடுவே ஓடும் பெரிய வாய்க்காலும் வெள்ளவாரி வாய்க்காலும் மழைநீரைக் கடலுக்கு வழியனுப்ப ஏற்பட்டவை. ‘வெள்ளவாரி’ என்ற பெயரே அதன் பணியைச் சொல்லவில்லையா?

மழையின் கணக்கு

கடன் கணக்குப் பார்த்த கை சும்மா இருக்கவில்லை. மழைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 40,000 லிட்டருக்குச் சற்று அதிகம். எங்கள் ஐந்து ஏக்கர் மனைப்பிரிவில் அதே ஒரு சென்டிமீட்டர், 2 லட்சம் லிட்டர். ஃபெஞ்சல் பெய்த 48 சென்டிமீட்டர், 97 லட்சம் லிட்டர். மேற்கே உயர்ந்த நிலத்திலிருந்து வந்து சேர்ந்த நீர் இதில் அடங்காது.

இந்த நிலம் பனையும் புல்லுமாக இருந்தபோது, சாதாரண மழையில் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்குதான் வழிந்தோடியிருக்கும். மற்றதை மணல் கலந்த மண் குடித்துவிடும். அதே இடத்தில் சிமெண்டுச் சாலையும் காங்கிரீட் கூரையும் வந்துவிட்டால், விழும் மழையில் பத்தில் எட்டோ ஒன்பதோ பங்கு வழிந்தோடும். மழை அதேதான், ஓடும் நீர் நான்கைந்து மடங்கு. அது ஓடும் வேகமும் அதிகம். முன்பு மரத்தின் வேரிலும் வரப்பிலும் தடுக்கி, பள்ளத்தில் தங்கி, நிதானமாகக் கடலுக்குச் சென்ற நீர், இப்போது சில நிமிடங்களில் தாழ்ந்த மூலைக்கு வந்து குவிகிறது. அந்த மூலையில்தான் எங்கள் மனை.

48 சென்டிமீட்டர் மழைக்கு எந்த வடிகாலும் போதாது. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் மழையைக் கணக்கிட்டே பொறியாளர்கள் வடிகால் அமைப்பார்கள். அதற்கு மேல் பெய்யும்போது நீர் தன் பழைய தடத்தைத் தேடும். அந்தத் தடத்தைத் திறந்து வைத்திருந்தால் சில மணி நேரத்தில் போய்விடும். அடைத்து வைத்தால் வாரக்கணக்கில் தங்கும். திட்டமிடலின் முதல் கடமை அந்தத் தடத்தைக் காப்பதே.

அனுமதிச் சீட்டில் இருக்க வேண்டியது

நிலத்தை மனைகளாகப் பிரிக்க அரசின் அனுமதி வேண்டும். புதுச்சேரியில் 1969-ஆம் ஆண்டின் நகர ஊரமைப்புச் சட்டமும், 2012-ஆம் ஆண்டின் கட்டட விதிகளும் இதற்கு அடிப்படை. கடலோரமாதலால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் உண்டு. 1991-இல் முதலில் வந்து, 2011-இலும் 2019-இலும் திருத்தி எழுதப்பட்டது. தமிழ்நாட்டில் 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள் 10 சதவீத இடத்தைப் பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. நீர்நிலை சார்ந்த இடமானால் நீர்வளத் துறையின் கருத்தும் கேட்கப்படுகிறது. குளம் குட்டைகள் சமுதாயத்தின் பொதுச் சொத்து, அவற்றைப் பிரித்துக் கொடுக்கக்கூடாது என்று 2001-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது.

ஆனால் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பதிவேட்டில் ‘குளம் புறம்போக்கு’ என்றோ ‘ஓடை புறம்போக்கு’ என்றோ இருந்தால் சட்டம் காக்கும். எங்கள் மனைப்பிரிவில் இருந்தது பட்டா நிலத்துக்குள் இயற்கையாக அமைந்த பள்ளம். ஆண்டில் இரண்டு மாதம் மட்டும் நீர் ஓடும் தடம். பதிவேட்டில் அதற்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் வரைபடத்தில் இடம் இல்லை.

ஆகவே வரைபடம் வரையும்போதே சில கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும். நிலம் எந்தப் பக்கம் சாய்கிறது? மேலே எத்தனை ஏக்கரின் நீர் இதன் வழியாக வருகிறது? வீடுகள் வந்தபின் எவ்வளவு நீர் கூடும்? கூடும் நீர் தங்க எங்கே இடம்? நிறைந்தபின் எந்த வழியாக வெளியேறும்? கடைசிக் கேள்வி முக்கியமானது. அந்த வாய்க்காலைத் தூர் வாரப் போவது யார், எவர் பணத்தில்? கூரை நீரைச் சேமிக்கும் தொட்டி கட்டாயம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நல்ல விதிதான். ஆனால் அது தனி வீட்டின் கடமை. நூறு வீடுகளின் நீருக்கும் சாலைகளின் நீருக்கும் பதில் சொல்ல வேண்டியது மனைப்பிரிவின் வரைபடம்.

நம் தமிழன்பர்கள் வாழும் சிங்கப்பூரில், 2014 முதல், ஏறத்தாழ அரை ஏக்கரோ அதற்கு மேலோ பரப்புள்ள புதிய கட்டுமானங்கள், தம் இடத்தில் விழும் மழைநீரைச் சற்று நேரம் தேக்கி வைத்து மெல்ல வெளிவிட ஏற்பாடு செய்ய வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். நிலத்தடித் தொட்டி, குளம், மண் பள்ளம் எதுவாகவும் இருக்கலாம். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கோயில் குளத்தைத்தான் அவர்கள் சட்டமாக எழுதியிருக்கிறார்கள்.

விற்றுவிடலாமா?

2025 கோடையில் எங்கள் மனை மறுபடியும் வறண்டு, மட்டமாக, அழகாகத் தெரிந்தது. ஒரு தரகர் நல்ல விலை சொன்னார். வாங்க இருந்தவர் வெளியூர்க்காரர். மழைக்காலத்தில் அந்த இடத்தைப் பார்க்காதவர். “இப்பவே முடிச்சிடுங்க சார், ஐப்பசிக்கு முன்னாடி” என்றார் தரகர். அவர் சொன்னதன் பொருள் எங்கள் இருவருக்கும் புரிந்தது.

நான் தடுமாறினேன். ஓய்வூதியத்தில் வாழ்பவனுக்கு அது சிறிய தொகை அன்று. பத்திரத்தில் எந்தப் பொய்யும் இல்லை; கேட்டால் மறைக்கவும் போவதில்லை; கேட்காவிட்டால் சொல்ல வேண்டிய கடமை உண்டா என்றெல்லாம் எனக்குள்ளே வழக்காடினேன்.

என் மனைவி இரவு விளக்கை அணைக்கும்போது சொன்னாள்: “என்னங்க, தெரியாம வாங்கினது நம்ம விதி. தெரிஞ்சு வித்தா அது நம்ம பாவம்.” அதற்கு மேல் பேச்சில்லை. மறுநாள் தரகரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

பிறகு மனை உரிமையாளர்களைக் கூட்டினோம். நூறு பேரில் முப்பத்திரண்டு பேர் வந்தார்கள். மூன்று செய்திகளை முன்வைத்தேன். சாலையோரமாகச் சிறுபாலம் வரை ஒரு வாய்க்கால் வெட்டி, அடைபட்ட தடத்தைத் திறப்பது; பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை மண் அடித்து உயர்த்தாமல், இரண்டு அடி தாழ்த்தி, மழைக்காலத்தில் நீர் தங்க விடுவது; எங்கள் மனையைக் குளமாக்கிக்கொள்ளத் தருவது.

மூன்றாவதைச் சொன்னபோது சிலர் கைதட்டினார்கள். எனக்கோ கூச்சமாக இருந்தது. காரணம் கணக்கு. 1,200 சதுர அடியை ஆறரை அடி ஆழம் தோண்டினால், பக்கச் சரிவைக் கழித்து, ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் கொள்ளும். அதாவது ஐந்து ஏக்கரில் பெய்யும் ஒரே ஒரு சென்டிமீட்டர் மழை. எங்கள் வாழ்நாள் சேமிப்பு, மழையின் கணக்கில் ஒரு சென்டிமீட்டர்! தனி மனிதர் தியாகம் செய்து தீர்க்கும் விஷயம் அன்று இது என்பதை அந்த எண்ணே கூட்டத்துக்கு உணர்த்தியது. வரைபடம் போடும் நாளில் நூறு மனைகளை எண்பத்தைந்தாகக் குறைத்திருந்தால், அந்தச் செலவு எல்லோர் விலையிலும் சிறு தொகையாகப் பரவியிருக்கும், யாருக்கும் வலித்திருக்காது.

இருந்தும் குளத்தை வெட்டினோம். பூங்காவைத் தாழ்த்த ஒப்புதல் கிடைத்தது. வாய்க்காலுக்காக ஆறு மனைக்காரர்கள் தங்கள் மதிலை மூன்று அடி உள்ளே தள்ளிக்கொள்ளச் சம்மதித்தார்கள். இரண்டு பேர் சம்மதிக்கவில்லை. அவர்கள் எல்லையில் குழாய் புதைத்து நீரைக் கடத்தியிருக்கிறோம். திருத்திய வரைபடத்துக்கு அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறோம், முடிவுக்குக் காத்திருக்கிறோம்.

தரிசிக்க வேண்டிய அயல் தலங்கள்

கனகசெட்டிக்குளம் வரும் அன்பர்கள் மேற்கே இரும்பை மாகாளத்தையும் தரிசிக்கலாம். திருஞானசம்பந்தர் பாடிய தலம். கடும் பஞ்சத்தில் கடுவெளிச் சித்தரின் தவத்தால் மழை பெய்ததும், பின் ஊரார் அவரை எள்ளி நகைக்க, அவர் வாக்கால் சிவலிங்கம் பிளவுபட்டதும், நிலம் பாழாகும் என்று சபித்ததும் தல வரலாறு. தொலைதூரத்து மனிதர் வந்து மண்ணைப் பசுமையாக்கும்போது சாபம் நீங்கும் என்றாராம். 1968 பிப்ரவரி 28-இல் அந்தச் செம்மண் மேட்டில் ஆரோவில் தொடங்கியபோது, மழை நீர் மண்ணை அரித்துக்கொண்டு கடலுக்கு ஓடிய பள்ளத்தாக்குகளே எங்கும் இருந்தன. குடியேறியவர்கள் முதலில் செய்த வேலைகளுள் ஒன்று, வயலைச் சுற்றி மண் வரப்பு எடுத்ததும், ஓடைகளில் தடுப்பணை கட்டியதுமே. நீரை நிறுத்திய பிறகுதான் மரம் வளர்ந்தது.

வடக்கே சென்றால் மரக்காணத்தில் சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைந்த பூமீசுவரர் ஆலயம். அதன் அருகே கழுவேலி ஏரி. சுற்றுப்புற ஏரிகளின் உபரி நீர் வந்து தங்கும் பரந்த சதுப்பு நிலம் அது. 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. நீருக்கு விட்ட இடத்தில் பறவைகளும் வருகின்றன.

பேரனுக்கு மனை வாங்கும் முன்

இதைப் படிப்பவர்களில் பலர் பிள்ளைகளுக்காகவோ பேரப்பிள்ளைகளுக்காகவோ மனை தேடிக்கொண்டிருப்பீர்கள். வங்கிப் படிவத்தில் இல்லாத சில செய்திகளைச் சொல்கிறேன். மனையைக் கோடையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கார்த்திகையில் ஒரு முறை போய் நில்லுங்கள். அருகே சாலைக்கு அடியில் சிறுபாலம் இருந்தால், அதன் வாய்க்கு நேரே எந்த நிலம் இருக்கிறது என்று பாருங்கள். பாலம் இருக்குமிடத்தில் நீருக்குப் பட்டா இருக்கிறது என்று பொருள். உங்கள் புல எண்ணின் வரைபடத்தோடு, சுற்றியுள்ள புல எண்களின் வரைபடங்களையும் வாங்கிப் பாருங்கள். பக்கத்து நிலத்தில் ஓடை வந்து உங்கள் எல்லையில் நின்றுவிட்டால், ஓடை நிற்கவில்லை, வரைபடம்தான் நின்றிருக்கிறது. அந்த இடத்தின் பழைய பெயரை ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். பள்ளம், தாங்கல், குட்டை, குளம் என்று முடிந்தால் மீண்டும் ஒரு முறை யோசியுங்கள். உங்கள் மனையை மட்டும் மண் கொட்டி உயர்த்தினால் நீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். அதுவும் ஒரு கணக்கில் எழுதப்படும்.

ஐப்பசி மழை

சென்ற ஐப்பசியில் ஓர் இரவு நல்ல மழை. விடிந்ததும் நாங்கள் புறப்பட்டுச் சென்றோம். கீழைத் தெருவில் கணுக்கால் அளவு நீர் நின்றது, பிற்பகலில் வடிந்துவிட்டது. புதிய வாய்க்காலில் செந்நீர் அவசரமின்றி நடந்துகொண்டிருந்தது. பல மாதங்களாக வறண்டிருந்த சிறுபாலத்தின் அடியில் புகுந்து, கிழக்கே கடலை நோக்கிச் சென்றது. மாசி மகத்தன்று மயிலம் முருகனும் திண்டிவனம் பெருமாளும் தீர்த்தவாரிக்காக வைத்திக்குப்பம் கடற்கரைக்கு எழுந்தருளும்போது நாம் வழி விட்டு ஒதுங்கி நிற்கிறோம் அல்லவா? நீரும் ஆண்டுதோறும் கடலுக்கு எழுந்தருளுகிறது. அதற்கும் ஒரு வீதி வேண்டும்.

எங்கள் மனை நிறைந்திருந்தது. வீடு கட்ட நினைத்த இடத்தில் வானம் தெரிந்தது. தேநீர்க் கடைப் பெரியவர் கரையில் வந்து நின்று பார்த்தார்.

“சின்னதுதான்” என்றார்.

“ஆமாம் பெரியவரே, ஒரு சென்டிமீட்டர்” என்றேன். அவருக்கு அது புரியவில்லை, ஆனாலும் தலையசைத்தார்.

என் மனைவி, மணக்குள விநாயகர் சந்நிதியில் வாங்கி வந்த பூவைக் கரையில் வைத்தாள். நாங்கள் இப்போதும் நகரத்தில் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். கனகசெட்டிக்குளத்தில் எங்களுக்கு வீடு இல்லை. ஆனால் ஊரின் பெயரில் உள்ளதில் ஒரு சிறு துண்டு, எங்கள் பேரில் இருக்கிறது.